ரெண்டு தென்னமரம், ஒரு மஞ்சப் படகு

போன ஞாயித்துக்கெழம எனக்கு ஒரே ஒரு வேலைதான். என் வூட்டுக்காரி பூங்காவனத்தைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு, திரும்பப் பத்திரமா கூட்டிட்டு வரணும்.

பஸ் இருக்கு. வழி சொல்ல கைடு இருக்காரு. மத்தியானச் சோறும் அவங்களே தர்றாங்க. இதுல கெட்டுப்போறதுக்கு இன்னா இருக்குன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

ஆனா எனக்குள்ள ஒரு பயம் இருந்தது. அதை முதல்ல சொல்லிடறேன்.

முப்பது வருஷத்துக்கு முன்னால மெட்ராசுக்குக் கட்டட வேலைக்குப் போய் மூணு மாசம் இருந்தேன். திரும்பி மலைக்கு வந்ததும் ஊர்ல எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "கடலைப் பாத்தியா?"

எங்க பாத்தேன். மூணு மாசமும் பாத்தது செங்கல்லும் சிமெண்டுச் சட்டியும்தான். ஞாயித்துக்கெழமகூட வேலை. ஆனா நாங்க டீ குடிக்கிற கடையில ஒரு காலண்டர் தொங்கும். அதுல கடல் இருக்கும். தெனமும் காலையில ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி அதைப் பாத்துக்கிட்டேதான் டீ குடிச்சேன்.

அதனால, "பாத்தேன்"னு சொல்லிட்டேன். முழுப் பொய்யின்னு சொல்ல முடியாது.

"எப்படி இருந்துது மாமா?" அப்படின்னு கேட்டான் மச்சான் கோயிந்தன். பூங்காவனத்தோட தம்பி.

"இடது கைப் பக்கம் ரெண்டு தென்னமரம். நடுவுல ஒரு மஞ்சப் படகு. தண்ணி நீலமா, அசையாம, கண்ணாடி மாதிரி."

அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தலை. முதல் வருஷம் கணுக்கால் அளவு இறங்கினேன்னு சொன்னேன். அப்புறம் இடுப்பளவு ஆச்சு. அப்புறம் கழுத்தளவு. போன வருஷம் திருவிழாவுல நான் நீந்திப் போய் அந்த மஞ்சப் படகைத் தொட்டே தொட்டுட்டேன்.

கோயிந்தன் மட்டும் ஒவ்வொரு தடவையும் கேப்பான். "இதுக்கெல்லாம் சாட்சி யாரு மாமா?"

"ஏன், ரெண்டு தென்னமரம் இருக்குதே."

கோயிந்தன்கிட்ட போன் இருக்கு. ஆனா அது பேசுறதுக்கு மட்டும்தான், அதுல எதையும் படிக்க முடியாது. அந்த தைரியத்துலதான் இதெல்லாம் இங்க எழுத்துக்கூட்டி எழுதுறேன்.

இந்த வருஷம் புளி உலுக்கி முடிஞ்சதும் கண்ணமங்கலத்துக்கு இறங்கினோம். அங்க டீக்கடைச் சுவத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பூங்காவனம் அதுல இருந்த படத்தையே பாத்துக்கினு நின்னா. செவப்பா ஒரு குன்று, செங்குத்தா வெட்டிவிட்ட மாதிரி. அதுக்குக் கீழ கடல். நான் எழுத்துக்கூட்டிப் படிச்சுச் சொன்னேன். கடலோரக் குன்று, ஒரு நாள் சுற்றுலா, வழிகாட்டியுடன்.

"இதுக்குப் போவலாம் மாமா," அப்படின்னா.

"எதுக்கு? கடல்னா கடல்தான். நான்தான் எல்லாம் சொல்லியிருக்கேனே."

"மலையும் இருக்குது, கடலும் இருக்குது. மலை எனக்குத் தெரியும், கடல் உனக்குத் தெரியும். நம்மள எவன் ஏமாத்த முடியும்?"



நோட்டீசுல இருந்த நம்பருக்குப் போன் பண்ணேன். ஒரு பொண்ணு எடுத்தது. பேரு கேட்டுச்சு, முனுசாமின்னு சொன்னேன். எத்தனை பேருன்னு கேட்டுச்சு, ரெண்டுன்னேன். அப்புறம் கேட்டுச்சு, "சார், தமிழா, மலையாளியா?"

எனக்குப் பெருமையா போச்சு. ஜவ்வாது மலையில இருக்கிற எங்க ஜனத்துக்குப் பேரே மலையாளிதான். மலையை ஆளுறவங்க. சர்ட்டிபிகேட்டுலயே அப்படித்தான் போட்டிருக்கும். கேரளாவுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கீழ்நாட்டுல இதை விசாரிச்சுக் கேக்குறவங்க ரொம்பக் கம்மி. பாரு, இந்தப் பொண்ணு எவ்வளவு மரியாதையா கேக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

"மலையாளிதாம்மா. சுத்தமான மலையாளி."

"அப்போ உங்களுக்கு ரெண்டாம் நம்பர் பஸ் சார்."

எங்களுக்குன்னு தனி பஸ்ஸே வுடறாங்கன்னு பூங்காவனத்துக்கிட்ட சொன்னேன்.

ஞாயித்துக்கெழம விடியக்காத்தால கண்ணமங்கலத்துல பஸ் ஏறினோம். சோறு அவங்க தந்தாலும், பூங்காவனம் பையில கேவுரு அடை, அதான் ராகி அடை, எடுத்து வச்சிருந்தா. வேலூர்ல இருந்து வந்த பஸ். உள்ளே முப்பது பேர் இருப்பாங்க. எல்லாரும் வேலூர்ல வேலை பாக்குற கேரளாக்காரங்க. சிரிப்பும் பேச்சுமா இருந்தாங்க. ஒரு வார்த்தை புரியலை.

"மாமா, இது இன்னா பாஷை?"

"மலையாளம்."

"நாமதானே மலையாளி. நமக்கு ஏன் புரியலை?"

அப்பதான் எனக்கு விஷயம் வெளங்குச்சு. அங்கேயே எழுந்திருச்சு, ஐயா தப்பா ஏறிட்டோம், முன்னாடி போற தமிழ் பஸ்ல எங்களை மாத்தி வுடுங்கன்னு சொல்லியிருக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை. ஆனா சுத்தமான மலையாளின்னு வேற சொல்லி வச்சிருக்கேன். பூங்காவனம் முன்னால எப்படிச் சொல்றது?

"எனக்குப் புரியுது. மெட்ராஸ்ல என்கூட வேலை பாத்தவன் ஒருத்தன் மலையாளத்தான்," அப்படின்னேன்.

"அப்படியா? இத்தினி வருஷம் சொல்லவே இல்லியே?"

"நீ கேக்கலை."

ஒரு பொய்யையே காப்பாத்த முடியலை. போதாததுக்கு இன்னொண்ணும் சேர்ந்துச்சு.

கைடு பேரு பாபு. நல்ல உயரம், நல்ல மீசை, கையில ஒரு மைக்கு. ஆளாளுக்கு வந்து விசாரிச்சாரு. எங்க சீட்டுக்கு வந்து, "எவிடுன்னா?" அப்படின்னாரு.

எந்த ஊருன்னு கேக்குறாருன்னு மூஞ்சியைப் பாத்தே புரிஞ்சிக்கிட்டேன். கையை மேல தூக்கிக் காட்டி, "மலை"ன்னேன்.

"மலப்புறமோ?"

"ஆமாமா. மலைப்புறம்தான்."

அவருக்கு ஒரே சந்தோஷம். கேரளாவுல மலப்புறம்னு ஒரு ஜில்லா இருக்குதுன்னு எனக்கு அன்னிக்குச் சாயங்காலம்தான் தெரியும். மலப்புறத்துல எங்கேன்னு கேட்டாரு. ஜமுனாமரத்தூர்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, தலையை ஆட்டிக்கிட்டே போயிட்டாரு.

செஞ்சி தாண்டினதும் பாபு மைக்குல, "எல்லாவர்க்கும் வெள்ளம் உண்டு," அப்படின்னாரு.

பூங்காவனம் என் கையைப் புடிச்சிக்கினா. "இன்னா மாமா, வெள்ளம்ங்கிறாரு?"

"அது வந்து, இன்னிக்கிக் கடல் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குமாம். வெள்ளம் வந்தா எல்லாருக்கும் உண்டு, யாரும் தனியா பயப்பட வேணாம்ங்கிறாரு."

சொல்லி வாயை மூடலை, ஆளுக்கொரு தண்ணி பாட்டில் கொண்டாந்து கையில குடுத்தாங்க.

பூங்காவனம் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "வெள்ளம் ரொம்பத்தான் ஜாஸ்தி," அப்படின்னா.

பின் சீட்டுல ஏலியம்மான்னு ஒரு வயசான அம்மா. பூங்காவனத்துக்கிட்ட ஏதோ கேட்டுச்சு, இவ ஏதோ சொன்னா. அது மலையாளத்துல, இது தமிழ்ல. ஆரணியில ஆரம்பிச்ச பேச்சு திண்டிவனம் வரைக்கும் நிக்கலை. நடுவுல ஒரே ஒரு இடத்துலதான் சிக்கல் வந்தது.

"அவிடெ சக்க உண்டோ?" அப்படின்னு அந்த அம்மா கேட்டுச்சு.

"சக்கையா? சக்கையை எல்லாம் மாட்டுக்குப் போட்டுருவோங்க."

அந்த அம்மா மூஞ்சி செத்துப்போச்சு. கையைப் பெருசா விரிச்சுக் காட்டி, மேல முள்ளு முள்ளா தடவிக் காட்டுச்சு. பலாப்பழத்துக்குத்தான் அவங்க சக்கன்னு பேர் வச்சிருக்காங்க. பூங்காவனம் புரிஞ்சிக்கினு, "ஐயய்ய, பலாப்பழத்தை மாட்டுக்குப் போடுவாங்களா, சொளை சொளையா நாங்கதான் துன்னுவோம்," அப்படின்னு வாயில போட்டுக் காட்டினா. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல டிரைவர் திரும்பிப் பாத்தாரு.

"நீதான் பாஷை தெரிஞ்சவன் ஆச்சே, நீ சொல்லியிருக்கக் கூடாதா?" அப்படின்னா என்கிட்ட.

"நீங்க பேசிக்கினு இருந்தீங்க. நடுவுல பூந்தா நல்லாவா இருக்கும்?"

பாண்டிச்சேரிக்கு இந்தாண்டையே பஸ் திரும்பி ஒரு சவுக்குத் தோப்பு வழியா போய் நின்னது. இறங்கி நடந்தோம். முன்னால செம்மண் தரை. தரை முடியுற இடத்துல ஒண்ணும் இல்லை, வானம்தான். எல்லாரும் ஓரத்துக்கு நாலு எட்டு முன்னாலயே நின்னு, "அய்யோ"ன்னு நெஞ்சுல கையை வச்சுக்கிட்டாங்க.

நானும் பூங்காவனமும் ஓரத்துல போய் எட்டிப் பாத்தோம்.

ரெண்டு பனமரம் உயரம் இருக்கும். நடுநடுவுல கால் வைக்கப் படி படியா மண்ணு. புடிச்சிக்க வேர்.

"இதுதான் குன்றா?" அப்படின்னா பூங்காவனம். "நம்ம சாமை வெதைச்ச கொல்லைக்குப் போற வழி இதைவிட செங்குத்தாச்சே. இதையா பஸ் வச்சு வந்து பாக்குறாங்க?"

அப்புறம்தான் தலையைத் தூக்கினா. கடலைப் பாத்தா.

நானும் பாத்தேன். அது அசைஞ்சுது. காலண்டர்ல அது அசையவே இல்லைங்க. இங்க ஒரு நொடி சும்மா இல்லை, மொத்தமா எழுந்து எழுந்து வருது. அந்தச் சத்தம் வேற. இத்தினி வருஷத்துல நான் சொன்ன கதையில எங்கேயும் சத்தமே கிடையாது.

பாபு மைக்கைப் புடிச்சு, ஓரத்தைக் கை காட்டி, ரொம்ப அழுத்தமா சொன்னாரு. "இவிடெ இறங்கருது. ஆரும் இவிடெ இறங்கருது."

"இன்னாங்கிறாரு?"

இதுக்கு மலையாளமே வேணாம். தமிழ் மாதிரியே இருக்குது.

"இங்கதான் எறங்கறதாம். எல்லாரும் இங்கதான் எறங்கறது, அப்படிங்கிறாரு."

"இந்த அம்மாங்க எல்லாம் எப்படி எறங்குவாங்க?"

"அது அவங்க பாடு. நாம முன்னால எறங்கி வழி காட்டுனா பின்னாலயே வருவாங்க."

பக்கத்துல ஒரு பலகையும் இருந்தது, தமிழ்லயே எழுதி. எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும், அதான் கைடே சொல்லிட்டாரேன்னு விட்டுட்டேன்.

பூங்காவனம் செருப்பைக் கழட்டிப் பையில போட்டுக்கினா. புடவையைத் தூக்கிச் செருகினா. வேரைப் புடிச்சு, முதுகைக் காட்டி, கொல்லைக்கு இறங்குற மாதிரி இறங்கினா. நான் பின்னால. பாதி தூரம் இறங்கும்போது மேல ஒரே கூச்சல். நிமிந்து பாத்தா, முப்பது தலை ஓரத்துல வரிசையா எட்டிப் பாக்குது.

"கேறு! கேறு!" அப்படின்னு கத்துறாங்க.

"இன்னா மாமா கத்துறாங்க?"

அலைச் சத்தத்துல எனக்குச் சரியா காதுல வுழலை. "கேவுருங்கிறாங்க."

"நம்ம பையில கேவுரு அடை இருக்கிறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏலியம்மாகிட்ட சொல்லியிருப்ப."

"சரி, கீழ வந்து துன்னட்டும்." மேல பாத்து கையை ஆட்டிக் கூப்பிட்டா. "வாங்க, வாங்க, எல்லாருக்கும் இருக்குது!"

மேல கூச்சல் ரெண்டு மடங்காச்சு. நாங்க கீழ இறங்கிட்டோம்.

கீழ ஒரு ஈ காக்கா இல்லை. மணலும், நாங்களும், கடலும்தான். பூங்காவனம் பைய நடந்து போய் ஈர மணல்ல நின்னா. தண்ணி வந்து காலைத் தொட்டுட்டுப் போச்சு. "ஐய, காலுக்குக் கீழ மண்ணை இழுக்குது மாமா!"

எனக்கு அது புதுசு. ஆனா காட்டிக்க முடியுமா? இதான் சமயம்னு அவளுக்கு முன்னால போய், அவளைப் பாத்து, கடலுக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிட்டேன். வாத்தியார் மாதிரி.

"பயப்படாத. இது ஒண்ணும் பண்ணாது. நம்ம ஏரி மாதிரிதான். நான் கழுத்தளவு நின்னவன் சொல்றேன். கடலைப் பொறுத்த வரைக்கும் நாம..."

நாம இன்னா செய்யணும்னு சொல்றதுக்குள்ள அது பின்னால வந்து என்னைத் தூக்கிப் போட்டுச்சு.

மூக்குல உப்பு, வாயில மண்ணு. எது மேல, எது கீழன்னு தெரியலை. வேட்டி ஒரு பக்கம் போவுது, நான் ஒரு பக்கம் போறேன். யாரோ சட்டைக் காலரைப் புடிச்சுக் கன்னுக்குட்டியை இழுக்குற மாதிரி இழுக்குறாங்க. கண்ணைத் தொறந்து பாத்தா பூங்காவனம்.

என்னைக் கரையில உக்கார வச்சா. வேட்டியைப் புடுங்கி எடுத்துக் குடுத்தா. என் செருப்புல ஒண்ணு வெளியில இருந்தது, இன்னொண்ணு உள்ளே போயிடுச்சு. நான் இருமி முடிக்கிற வரைக்கும் காத்துக்கினு இருந்தா. அப்புறம் இடது கைப் பக்கம் திரும்பிப் பாத்தா.

"மாமா, எங்க அந்த ரெண்டு தென்னமரம்?"

"அது மெட்ராஸ் கடல். இது வேற."

"மஞ்சப் படகு?"

"மீன் புடிக்கப் போயிருக்கும்."

"முப்பது வருஷமாவா?"

நான் வேட்டியைப் புழிஞ்சேன்.

"நீ மெட்ராஸ்ல இருந்து வந்த வருஷமே நான் பாத்துட்டேன் உன் கடலை," அப்படின்னா. "ஒடுகத்தூர் மண்டிக்குப் புளி போடப் போனேன் பாரு, தரகர் தலைக்கு மேல மாட்டியிருந்துது. இடது பக்கம் ரெண்டு தென்னமரம், நடுவுல மஞ்சப் படகு. ஆணி அடிச்சு மாட்டியிருந்தாங்க."

வாயில மிச்சம் இருந்த மண்ணைத் துப்பினேன்.

"அப்பவே ஏன் கேக்கலை?"

"கேட்டிருந்தா நீ அன்னிக்கே வாயை மூடியிருப்ப. அப்புறம் எனக்குக் கடலைப் பத்தி யாரு சொல்லுவா? நீ வருஷா வருஷம் நல்லாதான் நீந்துன."

"கோயிந்தன்கிட்ட சொல்லிடுவியா?"

"கைடு வர்றாரு பாரு," அப்படின்னா.

பாபு மணல்ல ஓடி வர்றாரு. அந்தாண்ட கால் மைல் தள்ளி சிமெண்டுப் படி கட்டி வச்சிருக்காங்களாம். அது வழியாதான் எல்லாரையும் கூட்டிட்டு வர்றதா இருந்தாராம். பத்து நிமிஷம் பொறுத்திருந்தா கைப்புடிச் சுவர் புடிச்சுக்கினு ராஜா மாதிரி இறங்கியிருக்கலாம்.

வந்ததும் மலையாளத்துல பொரிஞ்சு தள்ளினாரு. எனக்குத் தெரிஞ்ச மலையாளமெல்லாம் கடல்ல போயிடுச்சு. "மன்னிச்சுக்கோ தம்பி. நீங்கதானே எறங்கறதுன்னு சொன்னீங்க?"

அவர் அப்படியே நின்னுட்டாரு. "நிங்கள் தமிழோ?"

"இல்லைங்க, மலையாளி."

"மலையாளம் அறியாத்த மலையாளியோ?"

பூங்காவனம்தான் எடுத்துச் சொன்னா. "ஐயா, நாங்க ஜவ்வாது மலைங்க. அதை ஆளுறதால எங்க ஜனத்துக்கு மலையாளின்னு பேரு. உங்க ஊரு வேற, எங்க ஊரு வேற. இவருக்கு மலையாளமும் தெரியாது, கடலும் தெரியாது."

அவருக்கும் தமிழ் கொஞ்சம் தெரியும். ஒவ்வொரு வார்த்தையா புடிச்சுப் புரிஞ்சிக்கிட்டாரு. அப்புறம் மணல்ல உக்காந்துட்டாரு. "இறங்கருது என்னா, இறங்கக் கூடாது! பத்து ப்ராவஸ்யம் பறஞ்ஞு ஞான். இறங்கருது, இறங்கருதுன்னு."

"நாங்களும் பத்து வாட்டி கேட்டோங்க. அதனாலதான் தைரியமா எறங்கினோம்," அப்படின்னேன்.

மீசையைத் தடவிக்கிட்டு இருந்தவரு திடீர்னு சிரிக்க ஆரம்பிச்சாரு. அதுக்குள்ள ஏலியம்மாவும் மத்தவங்களும் படி வழியா வந்துட்டாங்க. ஏலியம்மா பூங்காவனத்தைக் கட்டிப் புடிச்சு அழுதுச்சு. பூங்காவனம் பையைத் தொறந்து, கேட்ட கேவுரு அடையை எடுத்துக் குடுத்தா. அந்த அம்மா ஏன் குடுக்குறாங்கன்னு தெரியாமயே ரெண்டு தின்னுச்சு. 'கேறு'ன்னா மேல ஏறுன்னு அர்த்தமாம். அதைப் பாபு சொன்னதும் நான் வேற பக்கம் பாத்துக்கிட்டேன்.

திரும்பி வர்ற வழியெல்லாம் என்னை முன் சீட்டுல, கைடு பக்கத்துலயே உக்கார வச்சாங்க. பஸ் நிக்கிற இடத்துல எல்லாம் பாபு முதல்ல என் தலையை எண்ணுவாரு. அப்புறம்தான் மத்தவங்களை.

மறுநாள் காலையில மலைக்குப் பஸ் ஏறினோம். காலுக்கு செருப்பு இல்லை, அது பரவாயில்லை. அமிர்தி தாண்டினதுல இருந்து நான் பூங்காவனத்துக்கிட்ட கெஞ்சிக்கினு வந்தேன். "அவன்கிட்ட மட்டும் சொல்லாத. ஊரையே கூட்டிருவான். இனிமே திருவிழாவுக்கு நான் தலை காட்ட முடியாது." அவ ஜன்னலைப் பாத்துக்கினே வந்தா.

பஸ் நின்னா, எதிர்ல கோயிந்தன். நிழல்ல குத்துக்கால் வச்சு உக்காந்துக்கினு இருக்கான். அவன் கூட இன்னும் நாலு பேர்.

"இன்னாக்கா, மாமா சொன்ன மாதிரியே இருந்துதா கடலு?"

எனக்கு மறுபடியும் காலுக்குக் கீழ மண்ணை இழுத்துச்சு.

பூங்காவனம் பையை இறக்கி வச்சா. புடவையை உதறினா. என்னை ஒரு பார்வை பாத்தா.

"அச்சு அசல் அப்படியேதாண்டா. ரெண்டு தென்னமரம், ஒரு மஞ்சப் படகு. ஆணியைத்தான் காணோம்."

இன்னா ஆணின்னு கோயிந்தன் இன்னிக்கு வரைக்கும் என்னைக் கேட்டுக்கினு இருக்கான்.

அது மலையாள வார்த்தைன்னு சொல்லி வச்சிருக்கேன்.